முட்டைப்பந்தும் இரண்டு மாப்பிள்ளைகளும்

எங்கள் பெரியம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. சொந்தத்தில் யாருக்கு வரன் பார்த்தாலும் அது அலமாரியிலிருந்து வெளியே வரும். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு ஏழு கட்டம் பிரிப்பார். உயரம், நிறம், படிப்பு, வேலை, சம்பளம், குடும்பம் என்று ஆறுக்குத் தலைப்பு உண்டு. ஏழாவதுக்குக் கிடையாது. “அது என்ன பெரியம்மா?” என்று கேட்டால், “அதக் கல்யாணத்தன்னிக்குத்தான் எழுதணும்” என்பார். அதற்குமேல் வாய் திறக்க மாட்டார்.

2005 டிசம்பரில் அமெரிக்க விளையாட்டு நிபுணர்கள் நோட்டும் கையுமாக உட்கார்ந்து, இரண்டு கல்லூரிப் பையன்களுக்கு இதே வேலையைத்தான் பார்த்தார்கள். ஆறு கட்டத்தையும் அட்சரசுத்தமாக நிரப்பினார்கள். ஏழாவதற்குக் கோடு போட மறந்துவிட்டார்கள்.

கல்யாண விவரம் இது. முகூர்த்தம், 2006 ஜனவரி 4. மண்டபம், கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் 1922இல் கட்டிய ரோஸ் பவுல் மைதானம். வந்த கூட்டம் 93,986. மணப்பெண், பளிங்குக் கண்ணாடியில் செய்த ஒரு முட்டைப்பந்து, அதாவது கல்லூரிக் கால்பந்தின் தேசியக் கோப்பை. மாப்பிள்ளைகள் இருவர். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (சுருக்கமாக யு.எஸ்.சி.) மேட் லைனார்ட், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வின்ஸ் யங். இருவருமே குவார்ட்டர்பேக். அந்தச் சொல்லின் முன்பாதியைக் கேட்டதும் சிலருக்கு 180 மில்லி நினைவுக்கு வரலாம். இது வேறு.

விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெயர் கால்பந்து, காலுக்கு அதில் அதிகம் வேலையில்லை. பந்தும் உருண்டையில்லை. தலைக்கவசம், தோள்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் பஞ்சாயத்து கூடிப் பேசிவிட்டு ஆடும் கபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னொரு நாலு வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து எதிராளிக்கு. ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்தை முதலில் கையில் வாங்கி, எறிவதா, பக்கத்து ஆளிடம் கொடுப்பதா, தானே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று மூன்று விநாடிக்குள் முடிவெடுப்பவர்தான் குவார்ட்டர்பேக். ஜெயித்தால் சிலை வைப்பார்கள். தோற்றால் அவர் வீட்டு நாயைக்கூடத் திட்டுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாக்கப் பதினொருவர், தடுக்கப் பதினொருவர் என்று ஒவ்வோர் அணியிலும் இரண்டு தனிக்கோஷ்டி. குவார்ட்டர்பேக் தாக்கும் கோஷ்டியின் ஆள். ஆகவே ஒரு குவார்ட்டர்பேக் மைதானத்தில் இருக்கும்போது மற்றவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். நாடே ‘லைனார்டா, யங்கா’ என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்ட அந்த இருவரும் ஆட்டத்தில் ஒரு கணம்கூட எதிரெதிரே நிற்கப்போவதில்லை. இப்படி ஒரு ஜென்மப் பகையை வேறெந்த விளையாட்டிலாவது பார்க்க முடியுமா, சொல்லுங்கள்.

சரி, நோட்டுக்கு வருவோம்.

உயரம். இருவரும் 6 அடி 5 அங்குலம். பெரியம்மாவாக இருந்தால் இந்தக் கட்டத்தை ஒரே கோடாக இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார். அமெரிக்கர்கள் விடவில்லை, எடையையும் எழுதினார்கள். அதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

பிறந்த தேதியைக்கூட ஒப்பிட்டால் வேடிக்கைதான். லைனார்ட் பிறந்தது 1983 மே 11. யங் மே 18. சரியாக ஒரு வாரம். ஆனால் அந்த ஒரு வாரத்துக்குள் நம் பஞ்சாங்கத்தில் மாதம் மாறிவிடுகிறது. ஒருவர் சித்திரைப் பிள்ளை, மற்றவர் வைகாசிப் பிள்ளை. சித்திரையில் பிறந்தவனைப் பற்றி நம் ஊர்க் கிழவிகள் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இது சுத்த மூடநம்பிக்கை. இருந்தாலும் அந்த டிசம்பரில் மைலாப்பூர்ப் பக்கமிருந்து ஒரு ஜோசியரைக் கூட்டிப்போயிருந்தால், அத்தனை நிபுணர்களையும்விட அவர் சொன்னதே பலித்திருக்கும் என்பதுதான் எரிச்சல்.

நிறம். இதை ஜெர்ஸியோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்தக் கட்டத்தில் பெரியம்மா செய்த அநியாயங்களுக்குத் தனிக் கட்டுரை வேண்டும். லைனார்டின் அணிக்கு அடர்சிவப்பும் தங்கமும். பெயர் ட்ரோஜன்கள். ஒரு குதிரையை ஊருக்குள் விட்டுக் கெட்ட ட்ராய் நகரத்தாரின் பெயரை வைத்துக்கொண்டு, சொந்த மைதானத்து ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைக் குதிரையையே சின்னமாக ஓட்டிவருவார்கள். பட்டும் திருந்தாத பரம்பரை. யங்கின் அணிக்குச் சுட்ட செங்கல் போன்ற ஆரஞ்சு. பெயர் லாங்ஹார்ன்கள், நீளக்கொம்பு மாடுகள். ஆட்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நிமிர்த்தி, நடு இரண்டையும் மடக்கிக் காட்டுவது அவர்கள் முத்திரை. பரதம் படித்தவர்கள் சிம்மமுகம் என்று நினைக்கக்கூடும். டெக்சாஸ்காரருக்கு அது மாட்டுக்கொம்பு.

படிப்பு. இங்கேதான் நிருபர்களுக்கு விருந்து. லைனார்ட் முந்தைய ஆண்டே தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். முதல் ஆளாகத் தேர்வாவார், கோடிகளில் ஒப்பந்தம் கிடைக்கும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. பையன் கல்லூரியிலேயே இன்னொரு வருஷம் இருக்கிறேன் என்றுவிட்டார். அந்தப் பருவத்தில் அவர் எடுத்த பாடம் ஒன்றே ஒன்று. பால்ரூம் நடனம். நம்மூரில் அரியர் வைத்தவன்கூட இதைவிட அதிகமாகப் படிப்பான். கேலி செய்யாத பத்திரிகை இல்லை. ஆனால் விதிப்படி எல்லாம் சரி. பட்டத்துக்குப் பாக்கி அவ்வளவுதான்.

யங்குக்கும் நடனம் உண்டு, பாடத்திட்டத்தில் இல்லை. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் ராப் பாட்டு ஓடும். 54 வயதுப் பயிற்சியாளர் மேக் பிரவுன் முதலில் முகம் சுளித்தார். பிறகு பையன் ஒவ்வொரு பாட்டாக அவருக்கே போட்டுக் காட்டி, கடைசியில் கோச்சையே தலையாட்ட வைத்துவிட்டார். ஒருவர் ஆசிரியரிடம் ஆடக் கற்றார், இன்னொருவர் ஆசிரியருக்கே ஆடக் கற்றுக்கொடுத்தார்.

வேலை. லைனார்ட் இடதுகைக்காரர். மூன்று விநாடியில் நாலு பக்கமும் பார்த்து, ஆள் வந்து சேர வேண்டிய இடத்துக்கு ஆளுக்கு முன்பே பந்தை அனுப்பிவைப்பார். தபால்காரர் வேலை, ஆனால் விலாசதாரர் இன்னும் அந்த வீட்டுக்குக் குடிவந்திருக்க மாட்டார். யங்கின் எறியோ பக்கவாட்டில் சுழன்று போகும். பாடப்புத்தகம் எழுதியவர்கள் பார்த்தால் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். அவருடைய வித்தை வேறு. பந்தைப் பக்கத்து ஓட்டக்காரரின் வயிற்றில் வைத்து, கையை எடுக்காமல், எதிரணியின் ஓரத்துத் தடுப்பாளரை ஒரு பார்வை பார்ப்பார். அவர் ஓட்டக்காரரைப் பிடிக்கக் கிளம்பினால் பந்தை உருவிக்கொண்டு தானே ஓடுவார். அவர் யங்கையே பார்த்து நின்றால் பந்து ஓட்டக்காரருக்கு. எதிராளி எந்த முடிவெடுத்தாலும் அது தப்பான முடிவு. மாமியாரிடம் மாட்டிய புது மருமகளின் நிலைதான் அந்தத் தடுப்பாளருக்கு.

இந்தக் கட்டத்தில் ஒரு பழைய அமெரிக்க வியாதியும் எட்டிப்பார்த்தது. எறிகிறவன் மூளைக்காரன், ஓடுகிறவன் வெறும் உடம்புக்காரன் என்பார்கள். கறுப்பின குவார்ட்டர்பேக்குகளை வெகுகாலம் ஒதுக்கிவைத்த வாதம் இதுதான். அரை விநாடியில் ஒருவன் முகத்தைப் படித்து முடிவெடுப்பது எந்த உறுப்பின் வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை.

சம்பளம். இருவருக்கும் பூஜ்யம். மைதானம் நிரம்பும், தொலைக்காட்சி கொட்டிக்கொடுக்கும், கோச் லட்சக்கணக்கான டாலர் வாங்குவார். ஆடுகிற பையன் மட்டும் அன்றைய விதிப்படி அமெச்சூர். அவனுக்குக் கிடைத்தது உதவித்தொகையும் உணவும் உறைவிடமும், கூடவே ‘விளையாட்டின் புனிதம்’ பற்றிய உபதேசமும். கோயிலில் தேர் இழுப்பவனுக்குச் சுண்டல், உண்டியல் வேறு கணக்கு.

குடும்பம். லைனார்ட் மாறுகண்ணோடு பிறந்தவர். சிறுவயதில் அறுவைசிகிச்சை, தடிமனான கண்ணாடி, குண்டு உடம்பு, பள்ளிக்கூடக் கேலி எல்லாவற்றையும் தாண்டி வந்தவர். அதே பையன் இப்போது லாஸ் ஏஞ்சலஸின் செல்லம். அந்த நகரத்தில் அப்போது தொழில்முறைக் கால்பந்து அணி எதுவும் கிடையாது என்பதால், சினிமா நட்சத்திரங்கள் கல்லூரிப் பையன்களின் பயிற்சியை வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். யங்கை ஹூஸ்டனில் வளர்த்தவர்கள் அம்மாவும் பாட்டியும். ஏழு வயதில் சைக்கிளில் போனவர் மீது கார் மோத, கைப்பிடி வயிற்றில் குத்தி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டு வீட்டுக் கதையையும் கேட்டால் பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டுக்குமே சரி போட்டிருப்பார்.

ஆக, நோட்டுப்படி சமமா என்றால், இல்லை. லைனார்ட் 2004இல் ஹெய்ஸ்மன் விருது வாங்கியவர். கல்லூரி ஆட்டத்தில் அதற்குமேல் விருதில்லை. 2005இல் அதே விருது அவருடைய அணித்தோழர் ரெஜி புஷ்ஷுக்குப் போனது. யங் இரண்டாவது, லைனார்ட் மூன்றாவது. இரண்டு ஹெய்ஸ்மன்காரர்கள் ஒரே வரிசையில் நின்று ஆடியது அதுவரை நடந்திராத ஒன்று. அணி தொடர்ந்து 34 ஆட்டம் வென்றிருந்தது. டெக்சாஸும் ஒன்றும் இளைத்ததில்லை, தொடர்ந்து 19 வெற்றி. ஆனால் மகாராஜா ஊர்வலம் போகும்போது யார் ஜமீன்தாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்?

அந்த 34இல் ஒன்று இரவல் வெற்றி என்பதை அப்போதும் யாரும் உரக்கச் சொல்லவில்லை. 2005 அக்டோபர் 15, நோட்ர டாம் மைதானம். மூன்றே விநாடி மிச்சமிருக்கையில் லைனார்ட் எல்லைக்கோட்டுக்கு முன் நெரிசலில் சிக்கி நின்றார். பின்னாலிருந்து புஷ் வந்து, நகரப் பேருந்தில் கடைசி ஆளை ஏற்றுவதுபோல் ஒரு தள்ளு தள்ளினார். ஆள் உள்ளே விழுந்தார். 34-31. அப்படித் தள்ளுவது அன்றைய விதிப்படி குற்றம். நடுவர் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். ‘புஷ் புஷ்’ என்று அந்தத் தள்ளுக்குப் பெயரே வந்துவிட்டது.

ரோஸ் பவுலுக்கு முன் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. இந்த யு.எஸ்.சி. அணி சரித்திரத்தின் மாபெரும் அணிகளில் எதைவிடச் சிறந்தது என்று ஒரு தொடரே ஓட்டியது. டெக்சாஸைத் தோற்கடிப்பார்களா என்பது பேச்சே இல்லை. பெண் வீட்டில் கைநனைக்கும் முன்பே பேரனுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. பந்தயக்காரர்களும் யு.எஸ்.சி. ஏழு புள்ளியில் ஜெயிக்கும் என்றார்கள். யங் அந்த நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வைத்ததுதான் யு.எஸ்.சி.க்கு அந்த மாதம் நடந்த மிகப்பெரிய கேடு.

ஆட்டம் தொடங்கியதும் ட்ரோஜன்கள் தங்கள் பரம்பரை வழக்கத்துக்குத் திரும்பினார்கள். முதல் பாதியில் புஷ் பந்தோடு பாய்ந்து போனார். மடக்க ஆள் வந்தபோது, ஏனோ திடீரென்று தானம் செய்யத் தோன்றி, பந்தைப் பக்கத்தில் ஓடிவந்த தோழர் பக்கம் வீசினார். தோழர் எதிர்பார்க்கவில்லை. டெக்சாஸ் எடுத்துக்கொண்டது. லைனார்ட் எல்லைக்குள் எறிந்த ஒரு பந்தையும் டெக்சாஸ் பறித்துக்கொண்டது. இடைவேளையில் 16-10, முன்னால் நின்றது டெக்சாஸ்.

உண்மையைச் சொன்னால் டெக்சாஸுக்கும் ஒரு ஓசி கிடைத்தது. யங் முழங்கால் தரையில் பட்ட பிறகுதான் பந்தைத் தோழருக்குத் தட்டிவிட்டார், அவர் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். முழங்கால் பட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது என்பது விதி. காணொளியில் பார்த்துச் சரிசெய்யும் ஏற்பாடு இருந்தும் யாரும் பார்க்கவில்லை. தள்ளியது ஒரு பக்கம், தட்டியது ஒரு பக்கம். தர்மம் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுப் போனது.

இரண்டாம் பாதியில் லைனார்ட் தன் ஜாதகத்தில் எழுதியிருந்த அத்தனையையும் செய்து காட்டினார். அன்று மொத்தம் 40 எறிந்து 29 சேர்ந்தது, 365 கஜம். லென்டேல் வைட் என்ற மலை மூன்று முறை எல்லைக்கோட்டைத் தாண்டியது. ஆறு நிமிடம் 42 விநாடி மிச்சம் இருக்கும்போது 38-26. நிபுணர்கள் நோட்டை மூடிக்கொண்டு பந்தியைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

யங் பந்தை வாங்கினார். எறிந்தார், ஓடினார், 17 கஜம் தானே பாய்ந்து டச்டவுன். 38-33. மிச்சம் நாலு நிமிடம் சொச்சம்.

இப்போது வருகிறது முகூர்த்தம். பந்து யு.எஸ்.சி. கையில். டெக்சாஸின் 45 கஜக் கோட்டில் நாலாவது வாய்ப்பு, தேவை இரண்டே கஜம். கடிகாரத்தில் 2 நிமிடம் 13 விநாடி. இரண்டு கஜம் போனால் கல்யாணம் முடிந்தது, இலை எடுக்கலாம். பந்தை உதைத்துத் தூரத் தள்ளிவிட்டு, யங்கை நீண்ட தூரம் வர வைப்பது இன்னொரு வழி. பயிற்சியாளர் பீட் கேரல் போய்ப் பார்த்துவிடலாம் என்றார். குற்றம் சொல்ல முடியாது, யங்கின் கையில் பந்தைக் கொடுக்க அந்த நேரத்தில் யாருக்கும் தைரியம் வந்திருக்காது.

லைனார்ட் பந்தை வாங்கி வைட்டிடம் கொடுத்தார். வைட்டுக்குத்தான் கொடுப்பார்கள் என்று மைதானத்தில் பல்லிக்குக்கூடத் தெரியும். டெக்சாஸ் மொத்தமும் அவர்மேல் விழுந்தது. இரண்டு கஜத்துக்குச் சற்று முன்னால் மலை சரிந்தது.

இப்போது எண்ணிப் பாருங்கள். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் என்று பட்டம் வாங்கிய இரண்டு பேர் அந்த அணியில். ஒருவர் பந்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். இன்னொருவர், அதாவது ரெஜி புஷ், ஓடுவதுபோல் பாவனை காட்டி எதிராளியை இழுக்கக்கூட மைதானத்தில் இல்லை. வெளியே நின்றுகொண்டிருந்தார். பூட்டைத் திறக்க வேண்டிய நேரத்தில் சாவியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்த கதை.

பிறகு நடந்தது விதி எழுதியபடி. லைனார்ட் பெஞ்சுக்குப் போனார். நான் முதலிலேயே சொன்னேன் இல்லையா, ஒருவர் உள்ளே என்றால் மற்றவர் வெளியே. 56 கஜம் போக வேண்டும். யங் அவசரப்படவில்லை. யு.எஸ்.சி. ஒரு தப்பாட்டம் செய்து தூரத்தையும் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தது. கடைசியில் டெக்சாஸுக்கும் நாலாவது வாய்ப்பு வந்தது. தேவை ஐந்து கஜம், எல்லை எட்டு கஜத்தில். யங் எறிய ஆள் தேடினார், யாரும் சிக்கவில்லை. வலது பக்கம் திரும்பி ஓடினார். ஓட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது, கடைத்தெருவில் தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே போகிற நடை. ஒரு விரல்கூட மேலே படவில்லை. மூலைக்குள் நுழைந்தபோது 19 விநாடி மிச்சம். கூடுதல் இரண்டு புள்ளிக்கும் அவரே ஓடினார். 41-38.

மிச்சமிருந்த 19 விநாடியில் லைனார்ட் வந்து முயன்றார். கடைசி எறி யார் கையிலும் சேரவில்லை. யங்கின் கணக்கு, எறிந்தது 267 கஜம், ஓடியது சரியாக 200. அந்த இருநூறால் அவருடைய பருவம் 3,036 கஜ எறியும் 1,050 கஜ ஓட்டமுமாக முடிந்தது. ஒரே பருவத்தில் மூவாயிரம் எறிந்து ஆயிரம் ஓடியவர் அந்த மட்டத்தில் அதற்கு முன் ஒருவரும் இல்லை. டெக்சாஸுக்கு 1970க்குப் பிறகு முதல் தேசியக் கோப்பை.

ஆட்டம் முடிந்ததும் லைனார்ட், இப்போதும் நாங்கள்தான் சிறந்த அணி என்ற பொருள்படச் சொன்னார். நாடே சிரித்தது. ஆறு கட்டத்தையும் கூட்டிப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் சரியாகத்தான் ஆடினார். நிபுணர்களும் ஒவ்வொரு கட்டத்தையும் சரியாகத்தான் நிரப்பியிருந்தார்கள்.

பின்கதையையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஏப்ரலில் தொழில்முறைத் தேர்வில் யங் மூன்றாவது, லைனார்ட் பத்தாவது. நடன வகுப்புக்காகத் தங்கிய ஒரு வருஷத்துக்குக் கட்டணம் சற்று அதிகம்தான். யங் முதலாண்டில் விருது வாங்கினார். பிறகு இருவருக்குமே அந்த உலகம் ஜனவரி 4 போல அமையவில்லை. புஷ்ஷின் குடும்பம் அவருக்கு ஏஜெண்டாக ஆசைப்பட்டவர்களிடம் சலுகை பெற்றதென்று விசாரணை வந்து, 2010இல் யு.எஸ்.சி.யின் 2005 பருவ வெற்றிகள் பன்னிரண்டும் ஏட்டிலிருந்து அடிக்கப்பட்டன. வெற்றிகளை மட்டும்தான் அடித்தார்கள், தோல்வியை விட்டுவிட்டார்கள். சரித்திரத்தின் மாபெரும் அணி என்று ஒரு மாதம் கொண்டாடப்பட்ட அணியின் அதிகாரபூர்வக் கணக்கு இன்று இதுதான்: வெற்றி 0, தோல்வி 1. புஷ் ஹெய்ஸ்மனைத் திருப்பிக் கொடுத்தார். 2021இல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. அப்படியானால் அன்று செய்தது என்ன பெரிய பாவம் என்று யோசித்து, 2024இல் விருதைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

பெரியம்மாவின் ஏழாவது கட்டம் என்னவென்று ஒரு கல்யாணத்தில்தான் தெரிந்தது. மாப்பிள்ளை ஆறு கட்டத்திலும் முழு மதிப்பெண். முகூர்த்த நேரத்தில் ஆளைக் காணோம். கூடப் படித்தவர்களை அழைத்துவரப் பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தார். கெட்டிமேளக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, பெரியம்மா மூலையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். எட்டிப் பார்த்தேன். ‘நேரத்துக்கு ஆள் இருந்தானா?’ என்று எழுதியிருந்தார்.

அந்தப் பாசடீனா இரவுக்கும் அவர் கையெழுத்தில் நிரப்பினால் இப்படித்தான் இருக்கும். புஷ், வெளியே. லைனார்ட், பெஞ்சில். யங், இருந்தான்.

லைனார்ட் பாவம், விதிப்படி அவர் அங்கே நிற்க முடியாதே என்று நீங்கள் வாதாடலாம். பெரியம்மாவிடம் நானும் அந்த மாப்பிள்ளைக்காக வாதாடினேன். அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். கட்டம் சின்னது. காரணம் எழுத அதில் இடம் கிடையாது.